சாம்பல் ஆறும் முன்னே விலை பேச வருகிறார்கள்

சொத்துப் பத்திரங்களைப் படிப்பதுதான் 26 வருடங்களாக என் தொழில். இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வழக்கமாக பாகப்பிரிவினை, உயில், வாடகைத் தகராறு பற்றித்தான் கடிதங்கள் வரும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், தீயிலும் வெள்ளத்திலும் புயலிலும் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் எழுதியவை. எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே ஆளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கூப்பிடாமலே வந்து, "இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்" என்கிற ஆள். எழுதியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். யாரென்று தெரிய வேண்டாம் என்பதற்காக ஊர், பெயர், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, ஐந்து வாரத்துக்கு முன்பு காட்டுத்தீயில் எங்கள் வீடு போய்விட்டது. ஒரு சுவரும் வாசற்படியும்தான் மிச்சம். நாங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தையே தேடிக் கண்டுபிடித்து ஒருவர் வந்தார். முழுப் பணமும் உடனே தருவாராம், இரண்டு நாளில் பதில் வேண்டுமாம். தீக்கு முன் பக்கத்து வீடு விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என் கணவர் அலுத்துப்போய், கொடுத்துவிட்டு எங்காவது போய்விடலாம் என்கிறார். இப்படி வருகிறவர்களைத் தடுக்கச் சட்டமே கிடையாதா? — ஒரு வாசகி

பதில்: இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, இருக்கும் இடத்திலும் எல்லாக் காலத்துக்கும் இல்லை. அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. அந்த இரண்டு நாள் கெடு அவர் வைத்தது. எந்தச் சட்டமும் வைத்ததில்லை. மூன்றாம் நாளும் நிலம் உங்களுடையதாகவே இருக்கும். தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ரசீதில்கூட வேண்டாம்.

நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள். மெத்தை, புத்தகங்கள், அப்பாவின் படம் எல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன. வாசலில் ஒருவர் வந்து நின்றார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் நனையாமல் இருந்த ஒரே காகிதம் அதுதான். அதில் எங்கள் முகவரி ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருந்தது. விலை எழுதும் இடம் மட்டும் காலி. "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, விலையை அப்புறம் பேசி எழுதிக்கலாம்" என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். கை ஈரமாக இருக்கிறது, துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். துடைப்பதற்குக் காய்ந்த துணி ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அந்தத் தாளை வாங்கிப் படித்தேன்.

அம்மா விவரம் தெரியாதவள் இல்லை. கணக்கில் ஒரு காசு விடமாட்டாள். மூன்று நாள் தூங்காமல் சேறு அள்ளியவளுக்கு, 'இது முடிந்தால் போதும்' என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் கணவருக்கும் இப்போது அதுதான் தோன்றுகிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி சட்டம். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் மாவி தீவில் லஹைனா நகரம் எரிந்தது. சுமார் 100 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தங்குமிடங்களில் இருந்தவர்களுக்கே நிலத்தை விலைக்குக் கேட்டு போன் வரத் தொடங்கியதும், ஆளுநர் ஜோஷ் கிரீன் தன் அவசரநிலை அறிவிப்பில் ஒரு தடையைச் சேர்த்தார். குறிப்பிட்ட அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் உள்ள சொத்தை, உரிமையாளர் கேட்காமல் யாரும் வலியப் போய் விலைக்குக் கேட்கக் கூடாது. மீறினால் குற்றம், சிறைகூட உண்டு. நல்ல விலையா கெட்ட விலையா என்ற பேச்சே அதில் இல்லை. கேட்பதே தப்பு.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தீ பரவியபோது, கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் ஜனவரி 14 அன்று இதே போல ஓர் உத்தரவு போட்டார். அதில் ஒரு வித்தியாசம். தீக்கு முந்தைய நாளான ஜனவரி 6 அன்று அந்தச் சொத்துக்கு என்ன சந்தை மதிப்பு இருந்ததோ, அதற்குக் குறைவாக வலிய வந்து கேட்கக் கூடாது என்றார்கள். காலம் 3 மாதம். பிறகு நீட்டினார்கள், பகுதிகளையும் சேர்த்தார்கள். அங்கே எரிந்த ஊர்களில் ஒன்றான அல்டடீனாவில் மக்கள் தங்கள் காலி மனைகளில் 'அல்டடீனா விற்பனைக்கு அல்ல' என்று பலகை நட்டு வைத்ததைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

அந்த 'முந்தைய நாள் மதிப்பு' என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். விலை பேச வருகிறவரின் வாதமே 'எரிந்த மனைக்கு இவ்வளவுதான்' என்பதுதான். அந்த வாதத்துக்கு அடித்தளமே இல்லாமல் செய்கிறது அது. ஆனால் 3 மாதம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இடிபாட்டை அள்ளவே அதற்கு மேல் ஆகிறது. இன்சூரன்ஸ் பணம் வந்து, வரைபடம் அனுமதி பெற்று, அடித்தளம் போடுவதற்குள் ஒரு வருடம் இரண்டு வருடம் ஓடிவிடும். கையில் காசு தீர்ந்து, வாடகை கட்ட முடியாமல், 'இனி முடியாது' என்று உட்காரும் நாள் பெரும்பாலும் அந்த இரண்டாம் வருடத்தில்தான் வருகிறது. உத்தரவு காலாவதி ஆகிற தேதி அந்த ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் பகுதிக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பேரிடர் நிவாரண அலுவலகத்திலோ இலவச சட்ட உதவி மையத்திலோ இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் புகார் கொடுங்கள். இல்லாவிட்டாலும், அவர் வந்த தேதி, நேரம், சொன்ன விலை, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் தற்காலிக முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் விசாரியுங்கள். நிவாரணப் பட்டியலிலிருந்து போயிருந்தால் அது தனியாகவே ஒரு புகார்.

கேள்வி: அவசரப்பட்டு அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டு, சிறிய முன்பணமும் வாங்கிவிட்டேன். மூன்று நாளைக்குள் எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம் என்று நண்பர் சொல்கிறார். இன்று இரண்டாம் நாள். அப்படி எழுதிக் கொடுத்தால் போதுமா? — ஒரு வாசகர்

பதில்: தம்பி, இந்த மூன்று நாள் கதையை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது முழுப் பொய்யும் இல்லை என்பதால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வாசலுக்கு வந்து பொருள் விற்பவர்களிடம் வாங்கியதை 3 வேலை நாளில் ரத்து செய்யும் விதி உண்டு. அந்த விதியிலேயே நிலம், வீடு விற்பனை அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வீடு வாங்குகிறவருக்கு 5 வேலை நாள் யோசிக்கும் காலம் உண்டு. கவனியுங்கள், அது வாங்குகிறவருக்கு. விற்கிறவருக்கு இல்லை. வீட்டு விற்பனையில் ஏமாறப்போகிறவர் வாங்குகிறவர்தான் என்று நினைத்து எழுதிய சட்டங்கள் இவை. பேரிடருக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிடும் என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

இருந்தாலும் கை கழுவ வேண்டாம். நீங்கள் போட்டது அக்ரிமென்ட். கிரயப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. அது பெரிய வித்தியாசம். இங்கிலாந்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதிகளை மாற்றிக்கொள்ளும் வரை யாரும் விலகிப் போகலாம். ஜெர்மனியில் நோட்டரி முன்னால் செய்யாத நில ஒப்பந்தம் செல்லாது. உங்கள் நாட்டில் நில விற்பனைக்கு என்ன முறை வேண்டும் என்று பார்த்து, அதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞர் சொல்ல முடியும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முன்பணத்தைத் தொடாதீர்கள், அப்படியே வையுங்கள். 'இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன், முன்பணத்தைத் திருப்பித் தரத் தயார்' என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. முதல் பக்கத்தில் வாங்குபவரின் பெயருக்குப் பக்கத்தில், 'மற்றும் அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்' என்று இருக்கிறது. நாலே வார்த்தை. இதற்கு என்ன அர்த்தம் என்றால், அவர் உங்கள் வீட்டை வாங்கவே போவதில்லை. இந்த அக்ரிமென்ட்டை அதிக விலைக்கு இன்னொருவருக்குக் கைமாற்றி, நடுவில் இருக்கும் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு முதலீடு என்பது உங்களுக்குக் கொடுத்த அந்தச் சிறிய முன்பணம் மட்டும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டன. ஓக்லஹோமா 2021-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது.

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தீர்களா? 'சொத்தைச் சார்ந்த அனைத்துக் கோரிக்கைகளும் நிவாரணங்களும் வாங்குபவரையே சேரும்.' உங்கள் இன்சூரன்ஸ் தொகையும் அரசு நிவாரணமும் இந்த ஒரு வரிக்குள் போய்விடலாம். அப்படியானால் மனையின் விலையைவிட அந்தத் தொகைதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். இந்த வரியை உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு வீட்டை விற்றுப் பத்திரமும் பதிவாகிவிட்டது. 11 மாதம் ஆகிறது. இப்போதுதான் தெரிகிறது, பாதி விலைகூட எனக்குக் கிடைக்கவில்லை. விற்றது விற்றதுதானா? — வயதான ஒரு வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் பிரித்தவுடன் தேதியைத்தான் பார்த்தேன். சில நாடுகளில் 11 மாதம் என்றால் இன்னும் கதவு மூடவில்லை. 12-ஆம் மாதம் மூடிவிடும்.

ரோமானியர் காலத்திலிருந்தே ஒரு கொள்கை இருக்கிறது. நியாய விலையில் பாதிக்கும் குறைவாக நிலத்தை விற்றவர், விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். பல நாடுகளில் இது மறைந்துவிட்டது. பிரான்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்டு சிவில் சட்டத்தின் 1674-ஆம் பிரிவுப்படி, மதிப்பில் பன்னிரண்டில் ஏழு பங்குக்கு மேல் நஷ்டப்பட்டு விற்றவர் ரத்து கேட்கலாம், விற்றதிலிருந்து 2 வருடத்துக்குள். இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. எனக்கு மிகப் பிடித்த வரி இது. வறுமையில் இருப்பவரிடம் எதை வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம் என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும்.

பிரெஞ்சு மரபிலிருந்து வந்ததால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலும் இது உண்டு. அங்கே அளவு, சந்தை மதிப்பில் பாதிக்கும் குறைவு. காலம் 1 வருடம்தான். அந்த ஒரு வருடம் தாண்டினால் எந்தக் காரணம் சொன்னாலும் நீட்ட மாட்டார்கள். வாங்கியவர் வீட்டைத் திருப்பித் தரலாம், அல்லது சந்தை மதிப்புக்குக் குறைபடும் மீதித் தொகையைக் கட்டிவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளலாம். இடையில் வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த மூன்றாம் மனிதரிடமிருந்து வீட்டைக் கேட்க முடியாது, முதலில் வாங்கியவர் அடைந்த லாபத்திலிருந்துதான் கேட்க முடியும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸிலும் சரி, லூசியானாவிலும் சரி, மதிப்பைக் கணக்கிடும்போது விற்ற நாளன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதைத்தான் பார்ப்பார்கள். வெள்ளத்துக்கு முந்தைய அழகான வீட்டை இல்லை, சேறு படிந்த வீட்டை. அதனால் உங்கள் மனசில் இருக்கும் 'பாதி'யும் நீதிமன்றத்தின் 'பாதி'யும் ஒன்றாக இல்லாமல் போகலாம். அதே மாதங்களில் அதே தெருவில், அதே போல நனைந்த வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதுதான் உங்களுக்கு வேண்டிய சாட்சி. பதிவு அலுவலகத்தில் அந்த நகல்கள் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற நாடுகளில் விலை குறைவு என்பது மட்டுமே போதாது. எப்படி வாங்கினார்கள் என்பதைக் காட்ட வேண்டும். ஜெர்மன் சட்டத்தில், ஒருவரின் நெருக்கடியையோ அனுபவமின்மையையோ பயன்படுத்திக்கொண்டு வெளிப்படையாகவே பொருந்தாத விலைக்கு வாங்கினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் ரத்தாகாது. ஆனால் சம்மதம் மனமுவந்து கொடுத்ததா என்று முடிவு செய்யும்போது நீதிமன்றம் அந்த விலைக் குறைவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 25-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. வயது, நோய், மன வேதனை காரணமாக மனநிலை பாதிக்கப்பட்ட ஒருவர் மீது செல்வாக்குச் செலுத்தி வாங்கியதைப் பற்றி 16-ஆம் பிரிவு பேசுகிறது. ஆங்கிலேயச் சட்ட மரபு உள்ள பெரும்பாலான நாடுகளில் இதற்கு ஒத்த ஏதாவது ஒன்று இருக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. பத்திரம் எழுதிய அன்று உங்களுக்குக் கண் சிகிச்சை முடிந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது, படிக்க முடியவில்லை, வாங்கினவரே வாசித்துக் காட்டினார் என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வீடு தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அவர் போய் முப்பது வருடம். அப்பாவும் அத்தைகளும் பெரியப்பா பிள்ளைகளுமாக மொத்தம் 14 பேருக்குப் பங்கு வரும். புயலுக்குப் பிறகு நிவாரணம் கேட்டால், 'உங்கள் பெயரில் பத்திரம் எங்கே?' என்கிறார்கள். இதற்கிடையில் பார்த்தே இராத ஒரு பெரியப்பா மகன் தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டானாம். அந்தக் கம்பெனி இப்போது முழு வீட்டையும் ஏலம் விடக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. அப்படிச் செய்ய முடியுமா? — ஒரு வாசகி

பதில்: பல இடங்களில் முடியும். எனக்கு வந்த கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான்.

இந்தத் தந்திரம் பழையது. கூட்டுப் பங்காளி ஒருவருக்குச் சொத்தைப் பிரித்துக் கேட்கும் உரிமை உண்டு. பதினான்கில் ஒரு பங்கைச் சொற்ப விலைக்கு வாங்கினாலே அந்த வெளியாள் பங்காளி ஆகிவிடுகிறார். வீட்டைப் பதினான்காக வெட்ட முடியாது, அதனால் விற்றுப் பணமாகப் பிரியுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கிறார். ஏலத்தில் ரொக்கத்தோடு நிற்பவர் அவர் ஒருவர்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் குடும்ப நிலங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கையை விட்டுப் போயின. அதைப் பார்த்துத்தான் 2010-இல் 'வாரிசுச் சொத்துப் பிரிவினைக்கான சீர்சட்டம்' என்ற மாதிரிச் சட்டத்தை அங்கே உருவாக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன. அதன்படி விற்பனை கேட்டு ஒருவர் வழக்குப் போட்டால் முதலில் சொத்தை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பில், கேட்டவரின் பங்கை மற்றப் பங்காளிகள் வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புத் தர வேண்டும். அதுவும் முடியாமல் விற்றே தீர வேண்டும் என்றால், ஏலத்துக்கு முன் திறந்த சந்தையில் நியாய விலைக்கு விற்கப் பார்க்க வேண்டும்.

உங்கள் நாட்டில் இதே சட்டம் இல்லாவிட்டாலும், வெளியாளின் பங்கைக் குடும்பமே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை பல நாட்டுச் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. வழக்கில் ஆஜராகி அதைக் கேட்டால்தான் கிடைக்கும். சம்மன் வந்தும் போகாமல் இருந்துவிடாதீர்கள். 14 பேரில் ஒருவர் போனாலும் போதும், ஆனால் ஒருவராவது போக வேண்டும்.

நிவாரணம் பற்றி. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் எத்தனையோ குடும்பங்கள் இதே காரணத்தால் வீடு கட்டும் உதவி கிடைக்காமல் நின்றன. தாத்தா பெயரில் வீடு, பேரன் குடியிருக்கிறான், காகிதம் இல்லை. 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவிலும் அதே கதை. மக்கள் விடாமல் போராடியதில், 2021-இல் அமெரிக்கப் பேரிடர் அமைப்பு தன் விதியை மாற்றியது. வரி ரசீது, பழுதுபார்த்த பில் போன்றவற்றையும் ஏற்றுக்கொள்வோம், எதுவுமே இல்லாவிட்டால் கடைசி வழியாக உரிமையாளரின் சுய அறிவிப்பையும் ஏற்போம் என்றது. அதனால் 'பத்திரம் எங்கே' என்று கேட்டவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். வேறு எந்தக் காகிதத்தை ஏற்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

அப்புறம், மிச்சமிருக்கும் 13 பேருக்கும் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். 'யார் வந்து கேட்டாலும், என்ன காகிதம் நீட்டினாலும், எங்களிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.' முக்கியமாக, பேச்சுவார்த்தை விட்டுப்போன உறவுக்காரர்களுக்கு. அந்தக் கம்பெனி அவர்களைத்தான் முதலில் தேடிப் போகும்.

கேள்வி: கூரையைச் சரிசெய்ய வந்த ஒப்பந்தக்காரர், 'இன்சூரன்ஸ் விவகாரத்தை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? — ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் படிவம் இழப்பீடு கேட்கும் உரிமையையே அவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருக்கலாம். ஃபுளோரிடாவில் இதனால் நடந்த வழக்குகளும் மோசடிகளும் தாங்காமல், 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில் இப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பதையே தடை செய்துவிட்டார்கள். வேலைக்குத் தனி ஒப்பந்தம், பணம் உங்கள் கணக்குக்கு வந்து உங்கள் கையால் கொடுப்பது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் கூரையில் ஏற வேண்டாம்.

கேள்வி: 'எங்களுக்கு விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருங்கள், கையில் பணம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்' என்கிறார்கள். வங்கிக் கடன் தவணை நிற்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதே? — ஒரு வாசகி

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கும், அம்மா. 'திரும்ப வாங்கிக்கொள்ளலாம்' என்பது பத்திரத்தில் எந்தப் பக்கத்தில், எந்த விலைக்கு, எத்தனை வருடத்துக்குள் என்று இருக்கிறது? வாயால் சொன்னது என்றால் அது இல்லாததற்குச் சமம். வாடகையை ஏற்றி, ஒரு வருடம் கழித்துக் காலி செய்யச் சொன்னால் உங்களிடம் என்ன இருக்கும்? பிரிட்டனில் இந்த வியாபாரம் பெருகி, விற்ற வீட்டிலிருந்தே மக்கள் வெளியேற்றப்பட்டதைப் பார்த்துத்தான் 2009-லிருந்து இதை நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

உங்களுடைய உண்மையான பிரச்சினை தவணை. முதலில் வங்கிக்குப் போங்கள். பேரிடர் அறிவித்த பகுதிகளில் தவணையைத் தள்ளிப்போடும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் அரசு காப்பீடு செய்த வீட்டுக் கடன்களில், பேரிடர் அறிவித்த நாளிலிருந்து 90 நாள் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. தள்ளிப்போட்ட தவணையை மொத்தமாகக் கட்ட வேண்டுமா, கடனின் கடைசியில் சேர்ப்பார்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: எல்லோரும் விற்காதே விற்காதே என்கிறார்கள். எனக்கு 71 வயது. தனியாள். மறுபடி கட்ட எனக்குத் தெம்பில்லை, அந்த மண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. விற்க நினைப்பது தப்பா? — ஒரு வாசகி

பதில்: இல்லை அம்மா, தப்பே இல்லை. யாரும் உங்களைக் குற்றவாளி போலப் பேச விடாதீர்கள். வீடு உங்களுடையது, விற்பதும் உங்கள் உரிமைதான். என் கவலை எல்லாம் யாருக்கு, எப்போது, எப்படி என்பதில்தான்.

முதலில் இன்சூரன்ஸ் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். அது பாதியில் இருக்கும்போது விற்றால் அந்தத் தொகை யாருக்கு என்பதில் சிக்கல் வரும். சில பாலிசிகளில் கட்டி முடித்தால்தான் முழுத் தொகை, கட்டாவிட்டால் தேய்மானம் கழித்துக் குறைவாகத் தருவார்கள். உங்களுடையது எந்த வகை என்று கேளுங்கள். பிறகு சொந்தமாகப் பணம் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரை வையுங்கள். வாங்க வருகிறவர் அனுப்பும் மதிப்பீட்டாளர் வேண்டாம். அதன் பிறகு நான்கு பேருக்குத் தெரியும்படி விற்பனைக்கு அறிவியுங்கள். தனியாக வந்து கதவைத் தட்டுகிறவர் உங்கள் தெருவிலேயே இன்னொருவர் கூடுதலாகக் கேட்பதை விரும்ப மாட்டார். அதற்காகத்தான் தனியாக வருகிறார்.

அரசே வாங்கிக்கொள்ளும் திட்டம் உங்கள் பகுதியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் பாருங்கள், சில நேரம் அதுதான் நல்ல விலை. நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்களுக்குப் பிறகு, குடியிருக்க முடியாது என்று ஒதுக்கிய சிவப்பு மண்டல வீடுகளை நிலநடுக்கத்துக்கு முந்தைய 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி வாங்க அரசு முன்வந்தது. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு மனை மதிப்பில் பாதிதான் என்றது. அவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடினார்கள். 2015-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த முடிவு எடுக்கப்பட்ட விதம் சட்டப்படி சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அரசு சொல்லும் விலைக்கும் பதில் பேசலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஏற்கெனவே வாங்கிய நிவாரணத்தை அந்த விலையிலிருந்து கழிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பல திட்டங்களில் கழிப்பார்கள்.

லஹைனாவில் தீக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களே ஒரு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். விற்றே ஆக வேண்டியவர்களிடமிருந்து நிலத்தை வாங்கி, அது அந்த ஊர் மக்களின் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. உங்கள் பகுதியிலும் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வீட்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன்.

கேள்வி: விலை கேட்டு வந்த கார்டுகளும் கடிதங்களும் மட்டும் 23 சேர்ந்துவிட்டன. கோபத்தில் எல்லாவற்றையும் கிழித்துப் போடலாமா? — ஒரு வாசகர்

பதில்: கிழிக்காதீர்கள். கவர் உட்பட வையுங்கள், அஞ்சல் முத்திரையின் தேதி கவரில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் வந்த நாளைக் குறித்து, படம் எடுத்துவிட்டு, ஒரு பெட்டியில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே போன் நம்பர் நாலைந்து கம்பெனிப் பெயர்களில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.